மர்மம் என்று சொல்லும் முன்: மன்னார்க் கரையிலிருந்து ஒரு வாசிப்பு

1560ஆம் ஆண்டில் மன்னார்த் தீவுக்கு அருகே மீனவர் இழுத்த வலையில் ஏழு கடல் மனிதர்கள் அகப்பட்டார்கள் என்ற செய்தி ஐரோப்பிய நூல்களில் நூற்றாண்டுக் கணக்காக உலவிவந்தது. ஆணும் பெண்ணுமாக ஏழு. இயேசு சபையின் வரலாற்றை எழுதியவர்கள் இதைக் கட்டுக்கதையாகச் சொல்லவில்லை. சாட்சிகளின் பெயரோடு பதிவு செய்தார்கள். அவர்களில் ஒருவர் தமிழர் அண்டிரிக் அடிகளார் என்று அழைக்கும் என்றீக்கே என்றீக்கசு. இன்னொருவர் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதியின் வைத்தியர் டீமாஸ் பொஸ்கே. அவர் அந்த உடல்களை அறுத்துப் பார்த்து, உள்ளும் புறமும் மனித உடலையே ஒத்திருப்பதாகச் சொன்னார் என்கிறது பதிவு.

இந்தச் சாட்சிகளை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சேற்றியவர். முத்துக்குளித்துறையில் பரதவரோடு தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். பொஸ்கேயும் படித்த வைத்தியர்தான். கார்சியா த ஓர்த்தா 1563இல் கோவாவில் வெளியிட்ட மூலிகை நூலுக்கு முன்னுரை எழுதியவர் அவர். பதிவில் உள்ள ஆண்டும் கவனிக்கத்தக்கது. போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி டொம் கொன்ஸ்தந்தீனு யாழ்ப்பாண அரசின்மீது படையெடுத்து, மன்னாரைப் பிடித்து, அங்கே கோட்டையைத் தொடங்கியது அதே 1560இல்தான். புன்னைக்காயலில் இருந்து பரதவக் குடும்பங்கள் பாதுகாப்புக்காக இங்கே குடியேற்றப்பட்டதும் அப்போதுதான். ஆள்வோருக்கும் எழுதுவோருக்கும் இந்தக் கடல் புதிது. வலை இழுத்தவர்களுக்கு அது பழகிய கடல்.

அந்த மீனவர் பேசியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். மன்னார்க் குடாவிலும் பாக்கு நீரிணையிலும் வாழ்ந்த ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, அவர்களுக்குத் தெரியாமலிருக்க வழியில்லை. அது நுரையீரலால் மூச்சுவிடும். கன்று ஈன்று பாலூட்டும். அதன் மடி மார்பருகே, முன் துடுப்பின் அடியில் இருக்கிறது. அந்தத் துடுப்பைக் கீறினால் உள்ளே ஐந்து விரலெலும்புகள் தெரியும். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் பின்னர் தன் விலங்கியல் நூலில் இந்தப் பழைய செய்தியை எடுத்துப் பேசி, கடற்பசுவைத்தான் கடற்கன்னி என்று கொண்டிருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். மன்னாரில் பிடித்து அவருக்கு அனுப்பிய ஒரு கடற்பசு ஏழு அடிக்கும் மேல் நீளமாக இருந்தது.

ஆகவே பொஸ்கே பொய் சொல்லவில்லை. அவர் கத்திக்குக் கீழே கண்டது உண்மை. மீனின் உருவத்துக்குள் பாலூட்டியின் உறுப்புகள் இருந்தன. ஆனால் கண்டதை வைப்பதற்கு அவர் கையில் இருந்த இடம் ஒன்றுதான், பழைய ஐரோப்பியக் கடற்கதை. அமானுஷ்யம் என்று சொல்லப்படும் உண்மைச் சம்பவங்களை ஆராயும்போது நான் முதலில் பற்றிக்கொள்ளும் கயிறு இது. சாட்சியின் நேர்மை வேறு, சாட்சியம் வந்து சேரும் முடிவு வேறு. முதலாவதை ஏற்றுக்கொண்டு இரண்டாவதை மறுக்கலாம். இந்த வகை நூல்களைப் பற்றி நடக்கும் வாதங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைப்பதால் முளைப்பவை.

இனி இந்த வகையின் மிகப் பேர்பெற்ற நூலுக்கு வருவோம். அமெரிக்கரான ஜோன் கீல் 1975இல் வெளியிட்ட ‘தி மொத்மேன் ப்ரொஃபசீஸ்’. மேற்கு வேர்ஜீனியாவில் ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் பொயின்ட் பிளசன்ட். 1966 நவம்பரில் ஊருக்கு வெளியே, போர்க்கால வெடிமருந்து ஆலை கைவிடப்பட்டுக் கிடந்த நிலப்பரப்பில், ஆளுயரத்துக்கும் மேலான, சிறகுள்ள, சிவந்து ஒளிரும் கண்களை உடைய ஓர் உருவத்தை இரண்டு இளம் தம்பதியர் கண்டதாகச் சொன்னார்கள். தொடர்ந்து ஓராண்டுக்கு மேல் அப்படிக் கண்டவர்கள் பெருகினார்கள். 1967 டிசெம்பர் 15 மாலை, நத்தார்க் கொள்வனவு நெரிசலில், அந்த ஊரை எதிர்க்கரையோடு இணைத்த சில்வர் பாலம் ஆற்றுக்குள் விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவரின் உடல் கிடைக்கவேயில்லை.

கீல் அந்த ஊருக்குப் பல தடவை போனவர். உள்ளூர்ப் பத்திரிகையாளர் மேரி ஹையரோடு சேர்ந்து ஊராரிடம் விசாரித்தவர். அவருடைய நூல் வாசகரை உலுக்குவதற்குச் சிறகுள்ள உருவம் சிறிய காரணம்தான். இரவில் வரும் தொலைபேசி அழைப்புகள், யாரென்று தெரியாத கறுப்புடை ஆட்கள், நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லும் குரல்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் ஓர் ஊரின் நரம்பு தளர்வதை அவர் எழுதுகிறார். எழுதுபவரின் நரம்பும் கூடவே தளர்கிறது. வேற்றுக் கிரகவாசி என்ற வழக்கமான விடையை அவர் ஏற்கவில்லை. நம்மோடு இதே பூமியில் மறைந்து வாழும் ஏதோ ஒன்று மனிதரை ஏமாற்றி விளையாடுகிறது என்பது அவர் எண்ணம். அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். பயத்தைப் பயமாகவே எழுதத் தெரிந்தவர் அவர்.

ஆனால் முன்னறிவிப்புகளின் கணக்கை அவருடைய நூலைக் கொண்டே பார்க்கலாம். 1967இல் துருக்கிக்குச் செல்லும் பாப்பரசர் கொல்லப்படுவார் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. ஆறாம் பவுல் போய்த் திரும்பினார். வெள்ளை மாளிகையின் நத்தார் மரத்தில் விளக்கேற்றும் நேரத்தில் நாடெங்கும் மின்சாரம் நின்றுவிடும் என்று சொல்லப்பட்டது. டிசெம்பர் 15 மாலை கீல் தொலைக்காட்சிக்கு முன் காத்திருந்தார். விளக்குகள் எரிந்தன. சற்று நேரத்தில் வந்த செய்தி பாலத்தைப் பற்றியது. ஆற்றோரத்தில் ஏதோ அழிவு வரும் என்று அவருக்குத் தோன்றியிருந்தது உண்மை. அது ஆலை வெடிப்பாக இருக்கலாம் என்றுதான் அவர் எண்ணியிருந்தார். நடந்த பிறகுதான் எல்லாச் சகுனங்களும் பாலத்தை நோக்கித் திரும்பின. தவறிப்போன முன்னறிவிப்புகளையும் அவர் மறைக்காமல் எழுதியது நூலின் பெருமை. அவற்றைத் தாண்டி ஓடச் செய்வது நூலின் வேகம். உருவத்தைப் பொறுத்தவரை, மேற்கு வேர்ஜீனியப் பல்கலைக்கழக உயிரியலாளர் ஒருவர் அப்போதே பெருங்கொக்கு என்றார். பின்னாளில் ஆந்தை என்றவர்களும் உண்டு. நம் ஏழு கடல் மனிதரின் கதையோடு இது எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

2002இல் மார்க் பெலிங்டன் இயக்கத்தில் ரிச்சர்ட் கியர் நடித்து அதே பெயரில் திரைப்படம் வந்தது. கதை அறுபதுகளில் இருந்து படம் வந்த காலத்துக்கு நகர்த்தப்பட்டது. நாயகன் மனைவியை இழந்த பத்திரிகையாளன். கீலின் பெயரைத் திருப்பிப் போட்டு லீக் என்றொரு முதிய ஆய்வாளரும் உண்டு. துயரத்தில் இருப்பவன் எங்கும் அடையாளம் தேடுவான் என்பதைப் படம் நன்றாகப் பிடித்திருக்கிறது. உருவத்தை முழுதாகக் காட்டாமல் ஒலியாலும் நிழலாலும் நடத்திச் செல்வது தேர்ந்த வேலை. அதையெல்லாம் ஒத்துக்கொண்ட பிறகும் என் மனம் ஒரு விடயத்தை மன்னிக்க மறுக்கிறது. படத்தில் இறப்பவர்கள் 36 பேர். முடிவில் திரையில் வரும் எழுத்துகள், பாலம் விழுந்த காரணம் முழுமையாகத் தெரியவரவில்லை என்கின்றன.

காரணம் தெரியும். 1928இல் கட்டிய அந்தப் பாலம் எஃகுக் கண்ணிச் சட்டங்களால் தொங்கவிடப்பட்டது. 330ஆம் சட்டத்தின் கண்ணருகே ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர் ஆழத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. அரிப்பும் இழுவிசையும் சேர்ந்து ஆண்டுக்கணக்காக வளர்த்த வெடிப்பு அது. இணைப்பைக் கழற்றாமல் வெளியே இருந்து பார்த்தால் கண்ணில் படாது. ஒரு சட்டம் அறுந்தாலே சுமையைத் தாங்கிக்கொள்ள முடியாத வடிவமைப்பு. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை இதை ஆராய்ந்து எழுதிவைத்தது. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் நாடு தழுவிய பாலப் பரிசோதனை விதிகள் வந்தன. அதாவது அந்த 46 பேரின் இறப்பு, பின்வந்தவர்கள் பாலத்தில் பத்திரமாகப் போவதற்கு வழிசெய்தது. திரைப்படம் அந்த வெடிப்பை அழித்துவிட்டு அங்கே சிறகை வரைகிறது. பத்து உயிர்களைக் கணக்கிலிருந்து குறைத்ததைவிடவும், காரணத்தைக் குறைத்தது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

இதை மன்னாரில் இருந்து பார்க்கும்போது எதிர்க்கரை நினைவுக்கு வராமல் போகாது. தலைமன்னாருக்கு நேரே, மணல்திட்டுகளின் மறுமுனையில் தனுஷ்கோடி. 1914 முதல் ரயிலும் கப்பலும் சேர்ந்து இரண்டு கரைகளையும் கட்டிவைத்திருந்தன. 1964 டிசெம்பர் 22 இரவு வந்த புயல் இலங்கையின் வடபகுதியையும் தாக்கிவிட்டு அந்தப் பட்டினத்தை அழித்தது. பாம்பனில் இருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடலலை மூடியது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஊர் வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்தது. இன்று அதே ஊர் காணொளிகளில் பேய்நகரம். இரவில் ரயில் சத்தம் கேட்கிறது, தேவாலயச் சுவருக்குள் யாரோ அழுகிறார்கள் என்று சொல்லிச் சொல்லியே சுற்றுலா நடக்கிறது. அங்கே குடிசை போட்டு மீன்பிடித்து வாழும் குடும்பங்கள் காட்சியின் ஓரத்தில்கூட வருவதில்லை. புயல் எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேர்ந்தது, சமிக்ஞை தெரியாத இரவில் ரயில் ஏன் முன்னே நகர்ந்தது என்ற கேள்விகளும் வருவதில்லை. பேய் வந்து உட்கார்ந்ததும் பொறுப்பு எழுந்து போய்விடுகிறது.

இவ்வளவும் சொன்னதால், விசித்திர நம்பிக்கை எதுவும் ஆராய்ச்சிக்கு உதவாது என்று நான் கருதுவதாக எண்ணிவிட வேண்டாம். மன்னார்க் கரையிலேயே அதற்கு நேரெதிரான ஒரு சான்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடல்கட்டிகள் இருந்தார்கள். முத்துப்பாரில் குளிப்பவரைச் சுறா தீண்டாதபடி மந்திரத்தால் அதன் வாயைக் கட்டுபவர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்தக் கடலைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோவே இவர்களைக் குறிப்பிடுகிறார். கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்கு. கட்டு அன்றைய பகலுக்கு மட்டும். மாலையில் கட்டை அவிழ்த்துவிடுவார்கள், இரவில் சுறாக்கள் தம் விருப்பப்படி திரியும். ஆங்கிலேயர் காலக் குறிப்புகளிலும் இவர்கள் தொடர்ந்து வருகிறார்கள். படகுகள் பாருக்குப் போனதில் இருந்து திரும்பும்வரை கடல்கட்டி கரையில் நின்று ஓதிக்கொண்டிருப்பார். அவர் இல்லாவிட்டால் குளியாளிகள் நீரில் இறங்க மாட்டார்கள். ஆகவே அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது.

டெனன்ட் அரிப்புக்குப் போனபோது தலைமைக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர். தலைமுறை வழியாக வந்த வல்லமைக்கு மதம் தடையாக இருக்கவில்லை. அவர் நோயில் படுத்திருந்ததால் ஒரு பதிலாளை அனுப்பியிருந்தார். அந்தப் பதிலாள், மந்திர இரகசியம் தனக்குத் தெரியாது என்றும், தலைவரின் ஆளாகத் தான் நிற்பதைச் சுறாக்கள் மதிக்கும் என்றும் டெனன்டிடம் சொன்னார். படிப்பவர் பலர் இந்த இடத்தில் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தப் பதிலாள் சொன்னதில் ஒரு தொழிலின் ஒழுங்கு முழுவதும் இருக்கிறது. கரையில் ஒருவர் நாள் முழுக்க நிற்கிறார். கடலுக்குள் போனவர்களின் எண்ணம் அவரிடம் இருக்கிறது. அவர் நிற்கிறார் என்பதால் கீழே இருப்பவனுக்குப் பதற்றம் குறைகிறது. ஒரு மூச்சை அடக்கி ஐந்தாறு பாகம் ஆழத்தில் சிப்பி பொறுக்குபவனுக்குப் பதற்றமே முதல் எதிரி. பதறினால் மூச்சு கரையும்.

மாலையில் கட்டை அவிழ்ப்பதிலும் பொருள் உண்டு என்பது என் ஊகம். இரவில் சுறாக்கள் கட்டில்லாமல் திரிகின்றன என்றால் யார் களவாகப் பாருக்குள் இறங்குவார்? ஒரு நம்பிக்கை பகலில் குளியாளியைக் காத்தது, இரவில் சிப்பியைக் காத்தது. குளிப்பு நடக்கும் இடத்தில் நூற்றுக்கணக்கான படகுகளின் இரைச்சலும் நீர்க் கலக்கமும் இருக்கும். சுறா ஒதுங்குவதற்கு அதுவே போதும். மந்திரத்தை நம்பாதவரும் இந்த ஏற்பாட்டை வியக்கலாம். கடல்கட்டி, நடந்த சாவுக்கு மர்ம விளக்கம் தரவில்லை. நடக்கவிருந்த சாவைத் தடுக்க முனைந்தார். இயல்புக்கு மீறியதைச் சொல்லும் மரபுகளைத் தரம்பிரிக்க வேண்டுமானால் நான் கோடு கிழிக்கும் இடம் இது.

மருதமடு மாதாவைப் பற்றி நீட்டி எழுத இது இடமில்லை. ஒல்லாந்தர் காலத்தில் மாந்தைப் பக்கத்தில் இருந்து காட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்ட சுரூபம், பாம்புக் கடிக்கு மருந்தாக மக்கள் எடுத்துச் செல்லும் மடு மண், ஆவணித் திருவிழாவில் மதம் கடந்து கூடும் கூட்டம் எல்லாம் அறிந்தவையே. 1999இல் அந்தத் தேவாலய வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் எறிகணைக்குப் பலியானார்கள். 2008இல் சுரூபமே இடம்பெயர்ந்தது. புதுமைகளைச் சொல்லும் மடுவின் பக்தர்கள் இந்தச் சாவுகளையும் அதே வாயால், நாளும் பெயரும் தவறாமல் சொல்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே போகிறேன்.

ஏனென்றால் சாவுக்குக் காரணம் தேடுவதா, மர்மம் சொல்வதா என்ற கேள்வி மன்னாரில் மிகக் கனமாக விழும் இடம் வேறு. 2013 டிசெம்பரில் திருக்கேதீச்சரத்துக்கு அருகே தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் எலும்புகளைக் கண்டார்கள். 80க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. 2018இல் மன்னார் நகர நுழைவாயிலில் சதொச கட்டட வளவில் கட்டுமான வேலைக்காகத் தோண்டியபோது இன்னொரு புதைகுழி. அங்கே எண்ணிக்கை 300ஐத் தாண்டியது. சிறுவர்களின் எலும்புகளும் இருந்தன. மாதிரிகள் புளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. 2019இல் வந்த காபன் அறிக்கை அவற்றை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அந்த முடிவை ஏற்கத் தயங்கினார்கள். குழியில் கிடைத்த பிற பொருட்களைச் சுட்டிக்காட்டி மேலும் ஆய்வு வேண்டும் என்ற குரல்களும் எழுந்தன. 1544இல் சங்கிலி மன்னன் மன்னார்க் கிறிஸ்தவர்களைக் கொன்ற நிகழ்வை இந்த எலும்புகளோடு இணைத்துப் பேசியவர்களும் உண்டு. கால எல்லைக்குள் ஓர் ஆண்டு விழுகிறது என்பதற்கு அப்பால் அந்த இணைப்புக்கு இன்னும் ஆதாரம் வேண்டும்.

இந்த இரண்டு குழிகளையும் வைத்து ஒரு திகில் நூல் எழுதுவது மிக எளிது. படமாக்குவது அதைவிட எளிது. தீவு, உவர்வெளி, கழுதைகள் திரியும் தெரு, பெருக்கமரம், கோட்டை, எலும்புகள். எல்லாம் தயாராக இருக்கின்றன. எழுதினால் நான் அதை எதிர்ப்பேன். எதிர்ப்பதற்குக் காரணம் பேய் என்ற கற்பனைமீது எனக்குள்ள வெறுப்பு அல்ல. தமிழில் இந்திரா சௌந்தர்ராஜன் கதையில் நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ 1997இல் தொலைக்காட்சியில் வந்தபோது, தெய்வ நம்பிக்கையையும் உளவியல் விளக்கத்தையும் அருகருகே வைத்து ஊர்கூடிப் பார்க்க வைத்தது. அது கதை என்று எல்லோருக்கும் தெரியும். உண்மைச் சம்பவம் என்ற முத்திரையைக் குத்தும்போது கணக்கு மாறிவிடுகிறது. அந்த முத்திரைக்குக் கீழே உயிரோடு ஒரு தாய் நிற்கிறாள். அவளுக்கு வேண்டியது யார், எப்போது, எப்படி, எவருடைய உத்தரவால் என்ற விடை. மர்மம் என்ற பதிலை அவளிடம் நீட்டுவது, பொயின்ட் பிளசன்டில் 330ஆம் சட்டத்தை அழித்ததற்குச் சமம். இன்னும் மோசம். அங்கே விடை கண்டுபிடிக்கப்பட்டபின் மறைக்கப்பட்டது. இங்கே விடை தேடப்படும் வேளையிலேயே மறைக்கப்படும்.

ஆகவே மன்னாரின் விசித்திரங்களை யாராவது நூலாக்க வந்தால், நான் முதலில் கேட்பது சாட்சிகளின் பட்டியல். கண்டவர் யார், எழுதியவர் யார், இருவருக்கும் நடுவே எத்தனை கை மாறியது? 1560இன் பதிவில் பாதிரியார் இருக்கிறார், வைத்தியர் இருக்கிறார், வலை இழுத்தவர் ஒருவருக்கும் பெயர் இல்லை. அடுத்து, நூல் தன் தவறிய கணிப்புகளை வாசகர் கண்ணில் படும்படி வைக்கிறதா என்று பார்ப்பேன். கீல் இதில் பாதி தேறுகிறார், திரைப்படம் தேறவில்லை. பிறகு, தெரிந்த காரணம் சொல்லப்பட்டிருக்கிறதா, தெரியாத காரணம் தெரியாததாகவே விடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன்.

அந்த ஏழு கடல் உயிர்களுக்காக இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கடற்பசு மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான், அதுவும் ஒற்றைக் கன்றாக ஈனும். நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோ கடற்புல் தின்னும். இலங்கைச் சட்டம் அதைக் காக்கிறது. ஆனால் வலையில் சிக்கினாலும் டைனமைட்டுக்கு இரையானாலும் இறைச்சி இரகசியமாக விலைபோகிறது. கடலடியைச் சுரண்டும் இழுவைமடியை இலங்கை 2017இல் தடைசெய்தும், எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகளால் அதன் மேய்ச்சல் தரை இன்னும் கிழிபடுகிறது. எதிர்க்கரையில் தமிழ்நாடு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. அதற்கு ஈடான ஒரு காப்பிடம் மன்னார்ப் பக்கத்திலும் வேண்டும். விடத்தல்தீவுக்கும் வங்காலைக்கும் அப்பால் எந்தப் புற்படுகைகளில் அது இன்னும் மேய்கிறது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் சம்மாட்டிகளும் அவர்களுடைய வள்ளங்களில் போகிறவர்களும்தான். இந்தத் தடவை அவர்களுடைய பெயரைப் போட்டு எழுத வேண்டும்.